திங்கட்கிழமை எங்கள் ஆட்கள் கடலில் இருப்பார்கள்

புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைகளுக்கான மருத்துவ ஆய்வுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான் பார்த்தவரை, இந்தக் கடற்கரை ஆட்கள் உங்கள் ஆய்வுகளில் சேர்வதே அபூர்வம்; சேர்ந்தவர்களும் நிலைப்பதில்லை. கேட்டால் விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். விழிப்புணர்வு இருக்கத்தான் செய்கிறது. உங்கள் நாட்காட்டிதான் எங்கள் பிழைப்போடு ஒத்துவரவில்லை.

என் தாய்மாமா தங்கச்சிமடத்துக்காரர். முதுகு வலி என்று ரொம்ப நாள் என் கடையில்தான் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தார். வலை இழுத்த உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று வீட்டில் எல்லோருமே நினைத்தோம். சிறுநீர் போவதில் இருந்த சிரமத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அதையெல்லாம் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். புராஸ்டேட் நோயைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்த்தபோது நோய் எலும்புக்குப் போய்விட்டிருந்தது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆய்வு ஒன்றில் சேரலாம் என்றார்கள். மாமாவும் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும், மூன்று நாள் முன்பின் ஆகலாம் என்று தாளில் இருந்தது. ஆனால் அந்த ஆய்வுக்கான புறநோயாளிப் பிரிவு திங்கட்கிழமை மட்டும்தான். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகின்றன. ஒரு திங்களை விட்டால் அந்த வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் முந்தின நாளே கிளம்பியாக வேண்டும், ஆக ஞாயிறும் போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே 170 கிலோமீட்டர். சென்னை என்றால் ராத்திரி முழுக்க ரயில். போக்குவரத்துச் செலவைத் தருகிறோம், பில் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர் எங்கே பில் தருகிறார்? கூட வந்த அத்தைக்குப் பயணப்படியே கிடையாதாம். "மாப்ள, வைத்தியம் இலவசம்தான், அங்க போறதுதான் காசு" என்று சொல்லிவிட்டு மாமா நின்றுகொண்டார். உங்கள் கோப்பில் அவர் 'பாதியில் விலகியவர்' என்று இருப்பார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வு என்றாலே சோதனை எலி என்று பேசுவதை விடுங்கள். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொரு பயம், வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள் என்பது. புற்றுநோய் ஆய்வுகளில் நடைமுறையில் உள்ள சிகிச்சையைப் பெரும்பாலும் இரண்டு தரப்புக்குமே கொடுப்பார்கள். அபிராட்டரோன் என்ற புராஸ்டேட் புற்றுநோய் மாத்திரைக்கு 2017-இல் முடிவு வெளியான ஆய்வில் வெற்று மாத்திரை கிடைத்தவர்களுக்கும் வழக்கமான ஹார்மோன் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது.

மருத்துவர்களே, இப்போது உங்களிடம் முக்கியமாகக் கேட்க வந்தது. புது மருந்தைச் சேர்த்தால் ஆயுள் எத்தனை மாதம் கூடுகிறது என்று பார்க்கும் ஆய்வுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004-இல் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து அப்படித்தான் வந்தது, அதற்குப் பிறகு அபிராட்டரோனும் அப்படித்தான். ஆனால் எங்களுக்கு அதைவிட அவசரமானது, மருந்தையோ வருகையையோ குறைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்று பார்க்கும் ஆய்வு.

அபிராட்டரோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, தினமும், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. 120 மாத்திரை டப்பாவை மதுரையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன். ஒரு மாதத்துக்கான டப்பா அது. அடுத்த டப்பாவைக் கேட்டு ஆள் வருவது இரண்டு மாதம் கழித்து. நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இரண்டு மாத்திரையாகக் குறைத்து, விடியற்காலை எழுந்து கஞ்சியோடு போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்து உணவோடு சேர்ந்தால் உடலில் பல மடங்கு அதிகமாக ஏறும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு என்றால் 10 மடங்கு வரை. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 72 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான நான்கு மாத்திரை, மறுபாதிக்குக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு ஒரே மாத்திரை. 12 வாரத்தில் பி.எஸ்.ஏ. இறங்கியதில் ஒற்றை மாத்திரை பின்தங்கவில்லை. ஆனால் 72 பேர் சின்னக் கூட்டம். அளந்தது பி.எஸ்.ஏ.-வைத்தான், ஆயுளை அல்ல. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் மாத்திரையைக் குறைக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் செய்யும் காரியமல்ல இது.) ஆயுளை அளக்கிற பெரிய ஆய்வு வேண்டும். நான்கு விற்கிற இடத்தில் ஒன்று விற்றால் போதும் என்று நிரூபிக்க எந்தக் கம்பெனி காசு போடும்? மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரும் அரசு மருத்துவக் கல்லூரிகளும்தான் போட வேண்டும். இட்லி, கஞ்சி, குழம்புச் சோறு என்று எங்கள் சாப்பாட்டோடு மருந்து எவ்வளவு ஏறுகிறது என்று எங்கள் ஆட்களிடமே பாருங்கள். பலருக்குச் சர்க்கரை நோய் வேறு இருக்கிறது, அபிராட்டரோனோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனும் போட்டால் அது எகிறலாம். அதையும் சேர்த்தே பாருங்கள்.

கதிர்வீச்சிலும் இதே கதைதான், ஆனால் அங்கே வேலை நன்றாக நடந்திருக்கிறது. பிரிட்டனில் 3,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு, 37 முறை கொடுத்ததை 20 முறையாகக் குறைக்கலாம் என்று காட்டியது. பரவாத, அபாயம் குறைந்த அல்லது நடுத்தரமான நோய்க்கு 5 முறையே போதும் என்று 2024-இல் இன்னோர் ஆய்வு. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அபாயம் கூடிய நோய்க்கும் 5 முறை போதுமா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆராய்வதை நான் ஆவலோடு கவனிக்கிறேன். 37 முறை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரத்துக்கு மேல். மதுரையில் அறை எடுத்துத் தங்குவதும், வீட்டுப் பெண் கடல்பாசி எடுக்கப் போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பதும் எந்தச் செலவுக் கணக்கிலும் வருவதில்லை. எலும்பில் சில இடங்களில் மட்டும் பரவியவர்களுக்கும் புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2018-இல் வந்த ஸ்டாம்பீட் என்ற பெரிய ஆய்வின் முடிவில், வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரம் கொடுக்கும் முறையும் இருந்தது. வாரம் ஒரு முறை என்றால் படகு போகாத நாளாகப் பார்த்து வரலாம். யோசியுங்கள்.

அப்புறம் நடைமுறை. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்.ஏ.-வுக்கு ரத்தம் எடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஹார்மோன் ஊசி, பக்கவிளைவு விசாரிப்பது, இதற்கெல்லாம் தலைமை மையத்துக்கு ஏன் வர வேண்டும்? ஸ்கேனுக்கு வருகிறோம், முதல் கையெழுத்துக்கு வருகிறோம். மற்றதை இங்கே முடிக்க ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவினரே, உங்கள் ஒவ்வொரு குழுவிலும் சட்டப்படி ஒரு பாமரர் உறுப்பினராக இருக்க வேண்டும். அவரிடம் ஒப்புதல் படிவத்தை மட்டும் கொடுக்காதீர்கள், வருகை அட்டவணையையும் கொடுத்து, தினக்கூலி ஆளால் இதற்கு வர முடியுமா என்று கேளுங்கள். பயணப்படியைப் பில் இல்லாமல், தூரத்தை வைத்து, துணைக்கு வருபவருக்கும் சேர்த்துத் தர உத்தரவிடுங்கள். நாடெங்கும் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் ஆய்வுக்காவது தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், கடையில் ஒட்டி வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். ஆள் சேர்க்கவும், முதல் ஸ்கேன்களை முடிக்கவும் இதைவிட நல்ல சமயம் கிடையாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் சங்கங்களில் நானே பேசி இடம் வாங்கித் தருகிறேன். மார்ச் மாதத்துக்குள் பதில் போட்டால் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மண்டபத்து மருந்துக்கடைக்காரன்