அகஸ்டஸும் இத்தாலியரும், கடாரமும் நாமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வெளிவந்த வாசகர் கடிதத்தில் ஓர் அன்பர், கோத்தர், லொம்பார்டியர், அரபியர், நார்மானியர் என்று இத்தனை பேர் வந்து கலந்த பிறகு இன்றைய இத்தாலியருக்கும் ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். கலந்தது உண்மைதான், ஆனால் ரோமாபுரி அப்போதே கலப்புதானே ஐயா! பேரரசர் திராஜன் பிறந்தது ஸ்பெயினில், செப்டிமியஸ் செவரஸ் பிறந்தது இன்றைய லிபியாவில். ரத்தத்தைப் பார்த்தால் அவர்களே தேறமாட்டார்கள்.

சம்பந்தம் இருப்பது பழக்கத்தில். அறுவடை முடிந்து களைத்தவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று அகஸ்டஸ் கி.மு. 18-இல் ஆகஸ்டு மாதத்தில் ஒரு விழாவை ஏற்படுத்தினார். அது பின்னாளில் மாதாவின் விண்ணேற்புத் திருநாளோடு சேர்ந்து, இன்றும் ஆகஸ்டு 15 அன்று இத்தாலி முழுக்கக் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும் நாளாக இருக்கிறது. தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களின் பிள்ளைகளான நமக்கு, உழைத்தவனுக்குக் கிடைத்த அந்த ஓய்வின் அருமை தெரியும்.

வெறும் பெருமை வேறு. 1937-இல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி, அகஸ்டஸ் பிறந்த 2000-ஆவது ஆண்டு என்று பெரிய கண்காட்சி நடத்தினார், பேரரசரின் கல்லறையைச் சுற்றியிருந்த வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளினார், தன்னையே புது அகஸ்டஸாகக் காட்டிக்கொண்டார். அந்த ஆட்சி போனது, கல்லறை பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. முறையாகப் பழுதுபார்த்து மக்களுக்குத் திறந்துவிட்டது 2021 மார்ச்சில்தான்.

இதை ஏன் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன் என்றால், நாமும் கடாரம் வென்ற ராஜேந்திர சோழன் பரம்பரை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், அவன் கடற்படை 1025-இல் வந்த கடாரம் இந்தக் கெடாதான், பூஜாங் பள்ளத்தாக்கு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்த பழைய சண்டி (பழங்காலக் கோயில்) ஒன்றை 2013-இல் வீடமைப்பு வேலைக்காக இடித்தது வெளியே தெரிந்தபோது கொதித்த நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம்? மெர்போக்கில் அருங்காட்சியகமே இருக்கிறது. வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த விடுமுறைக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்யட்டும். உங்கள் மாணவர் பகுதியிலும் அந்தச் சண்டிகளைப் பற்றி வாராவாரம் கொஞ்சம் எழுதுங்கள், படத்தோடு.

அன்புடன்,
ஒரு வாசகி,
பீடோங், கெடா