நிவாரணப் பெட்டிக்குள் போகும் தாளை எங்களிடம் கொடுங்கள்

சிங்கப்பூரிலிருந்து அண்டை நாடுகளுக்கு நிவாரணம் அனுப்பும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூரோங், துவாஸ் ஆலைகளில் ஓடும் இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. உங்களில் ஓர் அமைப்பின் தன்னார்வலர் படிவத்தை அண்மையில் நிரப்பினேன். மருத்துவம், வாகனம் ஓட்டுதல், பொட்டலம் கட்டுதல் என்று கட்டங்கள் இருந்தன, எழுத்துக்கு இல்லை. பொட்டலம் கட்டத்தான் அழைத்தார்கள். போய்க் கட்டினேன், அதில் வருத்தமில்லை. பெட்டிக்குள் வைத்த செய்முறை விளக்கத் தாளைப் படித்தபோதுதான் வருத்தம் வந்தது.

பெட்டி போவது தமிழ் பேசும் ஊருக்கு, தாளோ ஆங்கிலத்தில். அதைக்கூட விடுங்கள். குடிநீரில் கிருமி கொல்லப் போடும் குளோரின் மாத்திரையை விழுங்கக் கூடாது என்ற எச்சரிக்கை கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடந்தது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மாத்திரைகள் வெவ்வேறு அளவுத் தண்ணீருக்கானவை. முகாமில் குடத்தோடு நிற்கும் பெண்ணிடம் லிட்டர் கணக்கு மட்டும் சொல்லி என்ன பயன்? கலங்கிய நீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பவை எங்கோ ஒரு பத்தியின் நடுவே. வயிற்றுப்போக்குக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பொடியின் கதை இன்னும் மோசம். 1 லிட்டர் நீருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாளில் 'தேவையான அளவு நீர்' என்றிருக்கிறது. யாருக்குத் தேவையான அளவு?

மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். வரிசை பிசகிய தாள் எந்த மொழியிலும் பிசகியதுதான். எச்சரிக்கையை முன்னால் வைப்பதும், ஒரு வரியில் ஒரே செயலைச் சொல்வதும், பழைய தாள் புழங்காதபடி தேதியும் பதிப்பு எண்ணும் இடுவதும் நாங்கள் சம்பளத்துக்கு அன்றாடம் செய்யும் வேலை. இதைச் சம்பளமில்லாமல் செய்ய என்னோடு நண்பர்கள் சிலரும் அணியமாக இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கைக் கணினி வல்லுநர்கள் சஹானா என்ற நிவாரண மென்பொருளைத் தன்னார்வமாக உருவாக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் எல்லாவற்றையும் அதில் பதிவு செய்ய முடிந்தது. 2010 ஹெய்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. அவர்களிடம் அரிசி மூட்டை தூக்கச் சொல்லியிருந்தால் அதையும் தூக்கியிருப்பார்கள்தான்.

எழுதியதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் கூடுவார்கள். விருப்பமுள்ளவர்களிடம் தாளையும் பொருளையும் கொடுத்து, விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்போம். கை தயங்கும் வரியைத் திருத்துவோம். மருத்துவம் சார்ந்த தாளில் உங்கள் மருத்துவர் கையொப்பமிடாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

வெள்ளம் வந்தபின் இதற்கு நேரமிருக்காது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கிடங்கிலுள்ள பொருள்களின் பட்டியலையும் இப்போது வைக்கும் தாள்களையும் அனுப்புங்கள். குளோரின் மாத்திரையிலிருந்து தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
ஜூரோங்கிலிருந்து ஒரு தொழில்நுட்ப எழுத்தாளர்