கொல்லைக் கதவு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் வழக்கம்போல. மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே. கொல்லைப்புறத்துக்குக் கண்ணாடித் தள்ளுகதவு மாட்டியாச்சு. நீ வரைந்து அனுப்பினபடி அது இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "ஏம்ப்பா" என்று ஆரம்பிப்பாய், நான் நெல் விலைக்குத் தாவிவிடுவேன், கடைசியில் கதவைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நீ கேட்டது 10 அடி அகலம், உள்ளேயும் வெளியேயும் ஒரே தரை, கம்பி கிடையாது, கூடத்தில் உட்கார்ந்தால் மாமரமும் வயலும் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும். செய்திருப்பது 6 அடி அகலம், 7 அடி உயரம், வெளியே ஒரு படி இறக்கம், கதவு ஓடுகிற டிராக் கொசுவலையோடு சேர்த்து மூன்று. மாமரம் தெரிகிறது. வயல் முக்கால்வாசி தெரிகிறது. கம்பி விஷயம் இன்னும் முடிவாகவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

10 அடி ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? பின்கட்டில் தூண் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல் தளத்தைத் தாங்குகிறது. அந்தச் சுவரே 14 அடிதான். நடுவில் 10 அடியை எடுத்துவிட்டால் இரண்டு ஓரத்திலும் நிற்கிற இரண்டிரண்டு அடிச் சுவர்தான் மொத்தப் பாரத்தையும் வாங்க வேண்டும், அதுவும் நம்ம ஊர்க் களிமண்ணில். கோடையில் விரல் போகிற அளவு வெடிக்கும், ஐப்பசியில் தண்ணீர் குடித்து உப்பும், இந்த ஆட்டம் வருஷா வருஷம் நடக்கிறது, அதனால்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பழைய வீடு எதைப் பார்த்தாலும் ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் இருக்கும். மரக்கதவாக இருந்தால் சுவர் ஒரு நூல் இறங்கினாலும் கொஞ்சம் உரசும், ஆசாரி வந்து இழைப்புளியால் சீவிவிட்டுப் போவார். தள்ளுகதவில் திறப்புக்கு மேலே போடுகிற லிண்டல் கொஞ்சம் தொய்ந்தாலே பிரேம் அமுங்கும், கதவு பாதியில் நின்றுவிடும், கண்ணாடியை யார் சீவுவது? தூண் எழுப்பி பீம் போட்டால் 10 அடியும் செய்யலாம், செய்ய முடியாதது இல்லை, ஆனால் அதற்கு அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு கதவுக்காக அவ்வளவு தூரம் போக எனக்கு மனசு வரவில்லை.

கொத்தனார் காலையில் வந்து சாயங்காலத்துக்குள் உடைத்துவிடலாம் என்றார். தளத்துக்குச் சவுக்குக் கம்பும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்த பிறகுதான் சம்மட்டியைத் தொடவிட்டேன். புது லிண்டல் இரண்டு பக்கமும் 9 அங்குலம் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குள்ளே நான்கு 12 மி.மீ. கம்பி. ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் வேலை அம்மாவுடையது, பூச்செடிக்கு ஊற்றுவது மாதிரி விடாமல் ஊற்றினாள். லிண்டலும் ஒரு பீம்தான், பீமுக்குக் கீழே முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும் என்பது கணக்கு. கொத்தனாருக்கு அந்த ஜாக்கி வேறு வீட்டு வேலைக்கு வேண்டியிருந்தது, தினமும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், நான் அசையவில்லை.

பழைய கதவைப் பற்றிக் கேட்பாய். தேக்குப் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, நிலையின் இரண்டு காலும்தான் கரையான் தின்று உள்ளே மாவாக இருந்தது, வெளியே பெயின்ட் மட்டும் நின்றிருக்கிறது. அப்பாயி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த நிலை என்று சொல்லி, சூடம் காட்டாமல் தொடக்கூடாது என்றுவிட்டாள் அம்மா, வெள்ளிக்கிழமையும் ஆகாது என்றாள், சரி என்று ஞாயிற்றுக்கிழமைதான் பெயர்த்தோம். பலகையெல்லாம் ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், தாழ்வாரத்துக்கு ஒரு பெஞ்சு செய்யச் சொல்லி. அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கு வேண்டுமென்றால் சொல்.

அளவு எடுப்பதில்தான் நான் ரொம்பக் கறாராக இருந்தேன். சுவர் பூசி, தரை போட்டு முடிந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். டஃப்பன்ட் கண்ணாடியைச் சூடாக்கி முறுக்கேற்றிய பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது, வெட்டினால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அதனால் அளவு தப்பினால் தப்பினதுதான். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை அதே மாதிரி மூன்று இடத்திலும் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொண்டு, அதிலும் சுற்றிலும் இடைவெளி விட்டுத்தான் பிரேம் செய்கிறார்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தோம், இரண்டும் ஒத்துவந்தால்தான் திறப்பு கோணாமல் மூலைமட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். வந்த கண்ணாடியில் ஒன்றில் மூலையில் முத்திரை இல்லை. டஃப்பன்ட் என்றால் மூலையில் பொடி எழுத்தில் அழிக்க முடியாத முத்திரை இருக்க வேண்டும். "எல்லாம் ஒரே கண்ணாடிதான் சார்" என்றான் கொண்டுவந்த பையன். அப்படியென்றால் அதை நீயே வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினேன். பேரன் வந்தால் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாதாரணக் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும், இது உடைந்தால் கல்கண்டு அளவுக்கு உதிரும், வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் பெரிய வித்தியாசம்.

குளிர் ஊரில் உன் வீட்டில் இருப்பது மாதிரி இரட்டைக் கண்ணாடி போடவில்லை. அங்கே நடுவில் ஆர்கான் வாயு அடைத்து, கண்ணாடிமேல் ஏதோ பூச்சு எல்லாம் பூசியிருப்பது, வீட்டுச் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. நாம் நாள் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டுக் காற்று வாங்குகிறவர்கள், இரண்டு கண்ணாடிக்கு எதற்குக் காசு? 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி போதும். நமக்குத் தொந்தரவு மேற்கு வெயில். அதற்குக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொன்னார் கடைக்காரர். நான் வெளியே ஐந்தடிக்குச் சீமை ஓட்டுத் தாழ்வாரம் இறக்கிவிட்டேன், மூன்று மணி வெயில் கண்ணாடியில் விழுவதே இல்லை, மழைச் சாரலும் பாதி குறையும்.

இப்போது தரை விஷயம். நீ இதற்குத்தான் ரொம்ப வருத்தப்படுவாய். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக இருந்தால் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அடைமழையில் நம் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்பதை நீ பார்க்காதவளா? வெளித்தரை 6 அங்குலம் கீழே இருக்கிறது, அதுவும் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து. உள்பக்கம் மட்டும் டிராக்கைத் தரைக்குள் கொஞ்சம் பதித்திருக்கிறோம், அம்மா கால் தடுக்காது.

அந்த டிராக்குக்குள் எப்படியும் தண்ணீர் விழும் பாப்பா, எவ்வளவு நல்ல கதவாக இருந்தாலும். விழுந்த தண்ணீர் வெளியே போக பிரேமின் வெளிமுகத்தில் அடியில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். பாசனத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டு வடிகாலை மறந்தால் பயிர் அழுகுகிற மாதிரிதான் இதுவும். மாட்ட வந்த பையன்கள் பிரேமுக்கும் சுவருக்கும் இருந்த சந்தில் ஃபோம் அடித்து, காய்ந்ததும் அறுத்து, மேலே சிலிகான் பூசினார்கள், எல்லாம் சுத்தமான வேலை. ஃபோம் வெயில் பட்டால் பொடிந்துவிடும், அதனால் அதை மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் பூசுகிற வேகத்தில் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்ததாம். பிளேடால் சுரண்டி எடுக்க வைத்தேன். அப்புறம் மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பால் கதவுமேல் அடித்துப் பார்த்தோம், துளை வழியாக நூல் பிடித்த மாதிரி தண்ணீர் வெளியே வந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மிச்சப் பணத்தைக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒருமுறை டிராக்கில் சேருகிற மண்ணைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும், அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஸ்குரூ, ரோலர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல் காற்று வருகிற ஊர், சாதா இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது. கதவு ஓரத்தில் அடியில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் ரோலரை ஏற்றி இறக்குகிற திருகு இருக்கிறது, கதவு உரசினால் அதைத் திருப்பினால் போதும், எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வலை இல்லாமல் இந்த ஊரில் தள்ளுகதவே போடக் கூடாது என்பது என் கட்சி. முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் விளக்குப் போட்ட வீட்டில் சோறு தின்ன முடியாது. கதவு அடியில் பிரஷ் மாதிரி ஒன்று தரையோடு ஒட்டி வருகிறது, பழைய கதவடியில் இருந்த அரை அங்குலச் சந்தில் என்னென்ன வந்தது என்று உனக்கே தெரியும், அம்மாவுக்கு இப்போதுதான் நிம்மதி. கன்றுக்குட்டிதான் கண்ணாடியில் தன்னையே பார்த்து முட்ட வருகிறது. கண்மட்டத்தில் அம்மா கோலம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள், அது மனுஷனுக்கு உதவும், கன்றுக்கு உதவவில்லை.

புயலுக்கு என்ன செய்வாய் என்று மாப்பிள்ளை கேட்டாராமே, அம்மா சொன்னாள். நல்ல கேள்வி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது ஒரு பக்கமிருந்து அடித்து, நடுவில் ஓய்ந்து, அப்புறம் எதிர்ப் பக்கமிருந்து அடித்தது. அதனால் மேற்குப் பக்கம் பத்திரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கண்ணாடியை உடைப்பது காற்றைவிடக் காற்று தூக்கி வருகிற ஓடும் தகரமும் தென்னைமட்டையும்தான். இரண்டு மரைன் பிளைவுட் பலகை அளவுக்கு அறுத்து, நம்பர் போட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், சுவரில் அதற்கான போல்ட் துளையும் தயார். எச்சரிக்கை வந்தால் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் சேர்ந்து மாட்டிவிடுவோம்.

சரி, கம்பிக்கு வருகிறேன். நீ வேண்டவே வேண்டாம் என்கிறாய். அம்மா கம்பி இல்லாமல் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறாள். கதவைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே கட்டை வைத்திருக்கிறார்கள், பூட்டும் கொக்கி போட்டுப் பிடிக்கிற பூட்டு. நீ டிராக்கில் ஒரு மரக்கட்டையைப் படுக்க வைத்திருப்பாயே, அதுவும் செய்துவிட்டேன். ஆனால் கண்ணாடியையே உடைத்தால் இதெல்லாம் எதற்கு உதவும்? இந்த ஒன்றில் நான் அம்மா பக்கம்தான். உள்பக்கமாக மடக்குகிற சேனல் கேட் ஒன்று போடலாம், பகலில் இரண்டு ஓரமும் ஒதுக்கிவிட்டால் உன் மாமரத்துக்கு ஒன்றும் குறையாது. வெல்டிங் பட்டறைக்காரர் தீபாவளி நெருங்கினால் கையில் கிடைக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முடிவைச் சொல்லிவிடு. கலர் கறுப்பு என்று நினைத்திருக்கிறேன். அம்மா மயில் நீலம் கேட்பாள், அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா