கிணற்று நோட்டு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டதா?

போன மாதம் ஊருக்குப் போனபோது பரணில் அப்பாவின் நோட்டு ஒன்று கிடைத்தது. ஞாயிறுதோறும் கிணற்றில் கயிறு விட்டு, சுவர் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். அதை எல்லாம் டைப் செய்து பைதான் என்ற நிரல் மொழியில் ஏற்றினேன். மட்டத்தைவிட, வாரத்துக்கு வாரம் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழிக்கும் சின்ன வேலைதானே என்று உட்கார்ந்தேன், இரண்டு ராத்திரி போய்விட்டது.

ஐந்து வாரத்தை மட்டும் சொல்கிறேன்: 22, 23, 25, 24, 19. வித்தியாசம் 1, 2, -1, -5. ஆழம் எப்போதும் மைனஸில் போகாது என்று நினைத்து எண்களைக் குறியில்லாத 16 பிட் முழு எண்ணாக வைத்திருந்தேன். அதில் 0 முதல் 65,535 வரைதான் இடம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் மறுபடி உச்சியிலிருந்து எண்ணும். பைதானின் கணக்குத் தொகுப்பான நம்பையில் பக்கத்து எண்களைக் கழிக்கும் டிஃப் என்ற கட்டளை கடைசி இரண்டு இடத்திலும் 65,535, 65,531 என்று கொடுத்தது! ஆழம் மைனஸில் போகாதுதான், வித்தியாசம் போகுமே. மழை பெய்து கிணறு ஊறிய வாரங்கள் மட்டும் இப்படிக் கெட்டுப்போயின. கழிப்பதற்கு முன்பே குறியுள்ள எண்ணாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் முதல் எண். ஐந்து அளவுக்கு நான்கு வித்தியாசம்தான் வரும். பைதானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸ், நீளம் குறையாமல் இருக்க முதல் இடத்தைக் காலியாக விடுகிறது. அங்கே நான் பூஜ்ஜியம் போட்டேன். அது தப்பு. பூஜ்ஜியம் என்றால் அந்த வாரம் மட்டம் மாறவில்லை என்று அர்த்தம், அதற்கு முந்தைய வாரம் அப்பா அளக்கவே இல்லையே. சராசரியும் -0.75 வர வேண்டிய இடத்தில் -0.6 ஆகிவிட்டது. வித்தியாசங்களைக் கூட்டினால் நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டு, கடைசியில் இருந்து முதலைக் கழித்ததுதான் மிஞ்சும்: 19 - 22, அதாவது -3. இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சராசரி இரண்டு முனையை மட்டும்தான் பார்க்கிறது, நடுவில் கிணறு பட்ட பாடு அதற்குத் தெரியாது. அதனால் சராசரியை விட்டுவிட்டு வித்தியாசங்களையே வரைபடமாகப் போட்டேன்.

ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1822இல் இதே வித்தியாசங்களை நம்பித்தான் ஒரு கணக்கு இயந்திரத்தை முன்வைத்தார், தெரியுமா? 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களைக் கழித்தால் 3, 5, 7, 9. அதையும் கழித்தால் எல்லாம் 2. பெருக்கலே வேண்டாம், கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த வர்க்கம் வந்துவிடும்.

கடைசியாகத் தேதிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தேன். 7, 7, 7 என்றே போனது. ஓர் இடத்தில் மட்டும் 14. அந்த இடத்து மட்ட வித்தியாசத்தை இரண்டு வாரத்துக்குப் பங்கிட்டேன். பிறகு விட்டுப்போன ஞாயிறு எது என்று காலண்டரைப் புரட்டினேன். உன் கல்யாணத்தன்று, நண்பா. முந்தின நாளே அப்பா பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்