ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானில் இறங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். ஏப்ரல் 5 காலை நீயும் அம்மாவும் டோக்கியோவில் இறங்குகிறீர்கள், 14-ஆம் தேதி இரவு ஒசாகாவில் விமானம் ஏறுகிறீர்கள். நடுவில் ஏழு நாள் டோக்கியோ, மூன்று நாள் கியோட்டோ. உவெனோ பூங்கா, மெகுரோ ஆறு, சிதோரிகாஃபுச்சி அகழி, தத்துவ நடைபாதை என்று நீ எழுதியிருக்கிற எந்த இடத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதிதான் இடிக்கிறது. சகுரா, அதாவது செர்ரிப்பூ, பார்க்க நல்ல இடம் எது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீ கேட்க வேண்டியது, நாம் போகிற நாளில் எங்கே பூத்திருக்கும் என்பதை. டிக்கெட்டில் கை வைக்க வேண்டாம். இடங்களை மட்டும் நகர்த்துவோம்.

1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் முதல் பூ மார்ச் 24, முழுப்பூ மார்ச் 31. கியோட்டோவில் மார்ச் 26, ஏப்ரல் 4. முழுப்பூ வந்தபின் ஒரு வாரம் தாங்கும். காற்றோடு நல்ல மழை ஒன்று அடித்தால் அதுவும் இல்லை. ஆக, நீங்கள் இறங்கும்போது டோக்கியோவில் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம். இதிலும் ஆண்டுக்கு ஆண்டு பெரிய வித்தியாசம் உண்டு. 2023-ல் மார்ச் 14-லேயே தொடங்கி 22-ல் முழுப்பூ வந்துவிட்டது. அடுத்த ஆண்டே மார்ச் 29-ல்தான் தொடங்கி ஏப்ரல் 4-ல் முழுப்பூ. இரண்டு வாரம் முன்னே பின்னே போகிற விஷயத்தில் ஏழு நாளை ஒரே ஊரில் கட்டிப்போடக் கூடாது.

ஏன் இப்படி ஒரேயடியாகப் பூத்து ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று தெரிந்தால் திட்டம் போடுவது சுலபம். படங்களில் நீ பார்ப்பது பெரும்பாலும் சோமேய் யோஷினோ என்கிற ஒரே ரகம். இன்று டோக்கியோவுக்குள் இருக்கும் கொமாகோமே பக்கத்தில் சோமேய் என்றொரு கிராமம் இருந்தது. அங்கிருந்த நாற்றுப்பண்ணைக்காரர்கள் பரப்பியதால் அந்தப் பெயர். இதை விதை போட்டு வளர்ப்பதில்லை. நம் ஊர் ஒட்டுமாங்கன்று மாதிரி ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள். அதனால் நாடு முழுக்க இருப்பது ஒரே மரத்தின் பிரதிகள். ஒரே வெயில் பட்டால் ஒரே நாளில் எல்லாம் விழித்துக்கொள்கின்றன.

மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கப் போய்விடும். குளிர்காலத்தின் கடுங்குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். அதன்பிறகு சூடு ஏற ஏற மொட்டு பருக்கும். ஒரு கைக்கணக்கு உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் வாக்கில் டோக்கியோவில் பூ திறக்கும். குளிர் போதாத ஆண்டில் நேர்மாறாக நடக்கும்: தெற்கே இதமாக இருக்கிற ககோஷிமா, டோக்கியோவுக்குப் பின்னால் பூத்த ஆண்டுகள் உண்டு.

டோக்கியோவின் மாதிரி மரம் யசுகுனி ஆலயத்தில் நிற்கிறது. வானிலை மைய ஊழியர் நேரில் போய் எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் 'கைகா', அதாவது தொடக்கம். பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விரிந்தால் 'மன்காய்', முழுப்பூ. நம் மாங்காய்க்குப் பக்கத்தில் ஒலிப்பதால் அம்மாவுக்கும் மறக்காது. வரப்போகும் தேதியை முன்கூட்டிச் சொல்லும் வேலையை அந்த மையம் 2010-லேயே விட்டுவிட்டது. இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள் ஜனவரியிலிருந்து கணிப்பு வெளியிட்டுத் திருத்திக்கொண்டே வருகின்றன. ஜனவரிக் கணிப்பைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதே. மார்ச் 20-க்கு மேல் வருவதை நம்பலாம். ஆகவே இப்போதே எல்லா ஊரிலும் அறை பிடித்துவிடு, ஆனால் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் மட்டும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. மார்ச் 25 வாக்கில் உட்கார்ந்து முடிவு செய்.

பூ முடிந்துபோன ஊரிலிருந்து பூத்திருக்கும் ஊருக்குப் போக மூன்று வழி உண்டு. வடக்கே போகலாம்: சென்டாயில் முழுப்பூவின் சராசரி ஏப்ரல் 13, அவோமோரியில் ஏப்ரல் 26, சப்போரோவில் மே 5. மலை ஏறலாம்: அடிவாரத்தில் உதிரும்போது உச்சியில் மொட்டாக இருக்கும். அல்லது அதே ஊரிலேயே பின்பூ ரகங்களைத் தேடலாம். அடுக்கடுக்கான இதழ் கொண்ட 'யாயேசகுரா' வகைகள் சோமேய் யோஷினோவுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பூக்கும். உன் பத்து நாளில் இந்த மூன்றும் பயன்படும்.

டோக்கியோவுக்கு 5, 6, 7 மட்டும் வைத்துக்கொள். அதில் ஒரு நாளை முழுசாக ஷின்ஜுகு கியோஎன் தோட்டத்துக்குக் கொடு. சுமார் ஆயிரம் மரம், அறுபதுக்கு மேல் ரகம்; அதனால் ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். ஏப்ரல் முதல், இரண்டாம் வாரத்தில் 'இச்சியோ' என்கிற வெளிர்சிவப்பு அடுக்கு ரகம் அங்கே அழகு. அடர்சிவப்பு 'கன்சான்' அதற்கும் பிறகு. நுழைவு 500 யென். வழக்கமாகத் திங்கள் விடுமுறை, சகுரா காலத்தில் மட்டும் எல்லா நாளும் திறப்பு. கூட்டம் மிகும் சில நாட்களுக்கு முன்பதிவு கேட்பார்கள், தளத்தில் பார்த்துக்கொள். மதுவுக்குத் தடை, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனாலேயே உவெனோவின் இரைச்சல் இங்கே இல்லை. அம்மாவோடு போக டோக்கியோவில் இதற்கு மேல் ஓர் இடம் இல்லை என்பது என் முடிவு.

உட்காருவதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் 'ஹனாமி', அதாவது பூ பார்ப்பது, நடந்து முடிக்கிற காரியமில்லை. நூறு யென் கடையில் விரிப்பு வாங்கு. செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு ஏறவேண்டும். விரிப்பை அடிமரத்தை ஒட்டிப் போடாதே. சகுராவின் வேர் மேலோட்டமாகப் படர்வது. ஆள் மிதித்து மண் இறுகினால் காற்றும் நீரும் வேருக்குப் போகாது, சில ஆண்டில் மரம் நலிந்துவிடும். கிளையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கவும் கூடாது. ஒடிந்த இடத்தில் அழுகல் ஏறும். சகுராவை வெட்டுகிறவனும் முட்டாள், உமெ என்கிற ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாமல் விடுகிறவனும் முட்டாள் என்று அங்கே பழமொழியே இருக்கிறது. குப்பையைக் கொண்டுவந்த பையிலேயே திருப்பி எடுத்துப் போகவேண்டும்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதே. பூக்காலத்தில் திடீரென்று திரும்பிவரும் குளிருக்கு 'ஹனாபியே' என்று தனிப் பெயரே உண்டு. பகலில் வெயில் அடித்தாலும் தரை சில்லென்றே இருக்கும். மாலையில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். அம்மாவுக்கு விரிப்பின்மேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடு. மருந்துக்கடையில் 'கைரோ' என்று சூட்டுப்பை விற்கிறார்கள். உறையைப் பிரித்தால் தானே சூடாகும், உடைமேல் ஒட்டிக்கொள்ளலாம். முட்டிவலிக்கு அது பெரிய உதவி. இன்னொன்று, இந்தக் குளிரைத் திட்டாதே. பூவை நாலு நாள் கூடுதலாக நிறுத்தி வைப்பதே அதுதான்.

சாப்பாட்டில் அம்மாவுக்குச் சங்கடம் வரும் இடம் 'தாஷி' என்கிற அடிச்சாறு. அதில் கண்ணுக்கு மீன் தெரியாது. டோஃபு உறையில் சோறு அடைத்த இனாரி சுத்தமான சைவம்போலத்தான் இருக்கும். ஆனால் அந்த உறையை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் 'கட்சுஓபுஷி' இருக்கும். அது நம்மவர்களுக்குத் தெரிந்த மாசிக்கருவாட்டின் உறவு. இரண்டும் சூரை மீனைப் புகையிட்டுக் காயவைப்பதுதான். உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை எடு. மூன்று நிற 'ஹனாமி டாங்கோ' அரிசிமாவும் சர்க்கரையும்தான், தைரியமாகக் கொடு. சகுராமோச்சியைச் சுற்றியிருக்கும் இலை உப்பில் ஊறிய ஓஷிமா சகுரா இலை. பிரிக்காமல் அதோடு சேர்த்துக் கடித்தால்தான் உள்ளே இருக்கும் இனிப்புப் பயறு எடுபடும்.

சிதோரிகாஃபுச்சிக்கு ஒரு காலை போய்வா, உதிர்ந்திருந்தாலும் போ. அகழி நீர்மேல் இதழ்கள் பாய் விரித்தமாதிரி ஒட்டிக்கொண்டு நகரும். அதற்கு 'ஹனாஇகதா', பூத்தெப்பம் என்று பெயர். சகுராவை முழுப்பூவில் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இன்னும் பூ நிற்கிற மரம் கிடைத்தால் பக்கத்தில் போய்ப் பார். பூத்த புதிதில் நடுப்பகுதி வெளுத்திருக்கும். நாளாக ஆகச் சிவப்பேறும். நடு சிவந்த பூ காற்றுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இளம் பூ காற்றில் விழாது. ஆனால் இதழ் உதிராமல் முழுப் பூவாகவே சுழன்று கீழே வந்தால் மேலே நிமிர்ந்து பார், சிட்டுக்குருவி இருக்கும். தேனுக்காகப் பூவின் அடியைக் கடித்துத் துண்டித்துவிடும். வெள்ளைக்கண்ணி அப்படிச் செய்வதில்லை. அலகைப் பூவுக்குள் விட்டுக் குடித்துவிட்டுப் போகும்.

8-ஆம் தேதி கனசாவாவுக்கு ரயில் ஏறு. இது உன் பட்டியலிலேயே இல்லை, ஆனால் உன் தேதிக்கு அளவெடுத்துத் தைத்த ஊர். முதல் பூ ஏப்ரல் 3, முழுப்பூ ஏப்ரல் 9 என்பது அங்கே சராசரி. டோக்கியோவிலிருந்து வேகமான ஷின்கான்செனில் இரண்டரை மணி நேரம். கென்ரோகுஎன் தோட்டத்தைச் சகுரா உச்சத்தில் சுமார் ஒரு வாரம் இலவசமாகத் திறந்துவிடுவார்கள், இரவிலும். அந்த ஏழு நாள் எது என்பதைப் பூ திறந்தபின்தான் அறிவிப்பார்கள். கோட்டையின் இஷிகாவா வாசலும் அதற்கு முன்னால் உள்ள பாலமும் பூவுக்குள் நிற்பதைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போகவே வேண்டாம். இரண்டு இரவு தங்கு. மார்ச் கணிப்பு மிகவும் முந்தியிருந்தால் மட்டும் கனசாவாவை விட்டுவிட்டு வடக்கே தோஹோகு பக்கம் திரும்பு. எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு வடக்கே.

10-ஆம் தேதி கனசாவாவிலிருந்து கியோட்டோ. நேர் ரயில் இப்போது இல்லை. ஷின்கான்செனில் ட்சுருகா வரை வந்து தண்டர்பேர்ட் ரயிலுக்கு மாறவேண்டும். பெரிய பெட்டியை முந்தின நாளே 'தக்யூபின்' பார்சலில் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டால் அம்மாவின் கையைப் பிடிக்க உன் கை காலியாக இருக்கும். கியோட்டோவில் தத்துவ நடைபாதை இந்நேரம் பச்சை இலைக்கு வந்திருக்கும். நின்னாஜி கோயிலுக்குப் போ. அங்குள்ள 'ஓமுரோ' சகுரா கியோட்டோவிலேயே கடைசியில் பூப்பது. அடியில் மண் இறுகிக் கிடப்பதால் வேர் ஆழம் போகாமல் மரங்கள் இரண்டு மூன்று மீட்டரிலேயே நின்றுவிட்டன என்கிறார்கள். பூ கண்ணுக்கு நேரே இருக்கும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது. ரான்டென் டிராமில் ஓமுரோ-நின்னாஜி நிறுத்தத்தில் இறங்கினால் கோயில் வாசல் எதிரிலேயே தெரியும்.

12-ஆம் தேதி யோஷினோ மலை. சுமார் 30,000 மரம், பெரும்பாலும் காட்டு யாமாசகுரா. அதில் பூவோடு செந்தளிரும் சேர்ந்தே வரும், அதனால் மலை முழுக்க வெள்ளையும் செம்பும் கலந்திருக்கும். இவற்றை வேடிக்கை பார்க்க நட்டதில்லை. அந்த மலையின் தெய்வம் ஸாவோ கொங்கேனைச் சகுரா மரத்தில் செதுக்கினார்கள் என்ற நம்பிக்கையில், நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரீகர்கள் காணிக்கையாகக் கன்று வைத்தார்கள். தலவிருட்சம் தெரிந்த அம்மாவுக்கு இதை நீ விளக்கவே வேண்டாம். கீழே ஷிமோ, நடுவில் நாகா, மேலே காமி, உள்ளே ஓகு என்று நாலு அடுக்கு. பூ கீழிருந்து மேலேறும். அன்றைக்கு எந்த அடுக்கு எந்த நிலை என்று ஊர்ச் சுற்றுலாத் தளத்தில் போடுவார்கள். 'கோபுசாகி' என்றால் பாதி, 'சிரிஹாஜிமே' என்றால் உதிர ஆரம்பித்துவிட்டது, 'ஹாசகுரா' என்றால் இலைக்கு வந்துவிட்டது.

அங்கே போக ஒசாகா அபெனோபாஷியிலிருந்து கின்டெட்சு ரயில், விரைவு வண்டியில் ஒன்றேகால் மணி நேரம். ஜேஆர் நிறுவனத்தின் ரயில் பாஸ் அதில் செல்லாது. எல்லாமே முன்பதிவு இருக்கை, சகுரா வாரத்தில் காலை வண்டிகள் தீர்ந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடு. நாகா வரை பேருந்தில் ஏறிவிடு. அம்மா அங்கே உட்காரட்டும். உனக்கு மட்டும் தெம்பிருந்தால் காமியில் உள்ள ஹனாயாகுரா மேட்டுக்கு ஏறு. கிம்புசென்ஜி கோயிலின் பெரிய கூரை பூவுக்கு நடுவே மிதப்பது அங்கிருந்துதான் தெரியும்.

அன்றிரவே ஒசாகாவில் தங்கு. கடைசி நாளுக்கு அங்குள்ள நாணயச்சாலை. சுமார் 340 மரம், 140 ரகம், 560 மீட்டர் ஒருவழிப் பாதை; 1883 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லாமே பின்பூ ரகங்கள், ஒவ்வொன்றிலும் பெயர்ப்பலகை. தரை சமம், படி இல்லை, ஆனால் உட்கார இடமும் கிடையாது, நடந்துகொண்டே இருக்கவேண்டும். ஆண்டுக்கு ஏழே நாள்தான், அதுவும் ஏப்ரலில் எந்த ஏழு நாள் என்பது பூவைப் பார்த்து முன்பின் நகரும். சில ஆண்டு 14-க்கு முன்பே முடிந்துவிடும். அப்படியானால் கியோட்டோவிலிருந்தே ஒரு காலை வந்து பார்த்துவிடு, அரைமணிப் பயணம்தான். இணையத்தில் முன்பதிவு செய்தவர்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். மார்ச் மாதம் அறிவிப்பு வந்ததும் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு இடம் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா