பட்டறைக்கு முன் ஐடிஐ

ஆசிரியருக்கு,

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பத்தாவது முடித்த பையன்கள் பலர் நேராக லேத் பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்கிறார்கள். உடனே காசு வரும், தொழில் வராது. ஐடிஐயில் ஃபிட்டருக்கு 2 ஆண்டு, வெல்டருக்கு 1 ஆண்டுதான். வெல்டருக்கு 8-ம் வகுப்பே போதும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தகுதியுள்ளவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேலும் 1,000.

பணம் சிக்குவது வங்கியில்தான். ஆதார் நகலைக் கொடுத்தால் மட்டும் போதாது. உதவித்தொகை வரவேண்டிய கணக்கை, ஆதார் வழியாகப் பணத்தை அனுப்ப உதவும் என்பிசிஐ அமைப்பில் ஆதாருடன் இணைத்தார்களா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு என்றாலும் இழுக்கும். சேர்க்கை நேரத்தில் அலைவதைவிட, பத்தாம் வகுப்பிலேயே பள்ளிகள் இதைச் சரிபார்க்கலாமே?

- ஒரு வாசகர், அம்பத்தூர்