வரிக்குதிரைச் சட்டை

ரெய்க்யாவிக்,
2024 மே

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் குட்டி கேட்ட கேள்விக்கு ஒருவருமே பதில் சொல்லவில்லை. "அப்பப்பா ஏன் வரிக்குதிரைச் சட்டை போட்டிருக்கிறார்?" என்றாள். நீ சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி இதை ஆறுதலாகச் சொல்லிக் காட்டு.

அது எங்கள் ரெய்க்யாவிக் விளையாட்டுக் கழகம் கே.ஆரின் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை. 1899-இல் உதைபந்துக்காகத் தொடங்கிய கழகம். கூடைப்பந்துப் பிரிவு வந்தது 1956-இல்தான். அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் ஹாலோகலான்டில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படை கட்டிவிட்டுப் போன மண்டபத்தில். 1960-இலிருந்து ஐந்து வருடம் தொடர்ந்து கூடைப்பந்து லீக் பட்டத்தை வென்றது ஈ.ஆர். கழகம். 1965-இல் கே.ஆர். அதைப் பறித்து நான்கு வருடம் வைத்திருந்தது. பிறகு ஈ.ஆர். திரும்பவும் ஐந்து வருடம்! எழுபதுகளில் கர்ட்டிஸ் கார்ட்டர் என்ற அமெரிக்கர் கே.ஆருக்கு வந்தார், ஆளின் உடம்பைப் பார்த்து 'டிரக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் அரங்குக்கு வெளியே பர்கர் சுடும் அடுப்படியில் கிழவர்கள் சொல்லிக் கேட்டது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2008 ஒக்டோபரில் வங்கிகள் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். வீட்டுக் கடன் தவணை மாதா மாதம் ஏற, அம்மா மீன் வாங்குவதையே குறைத்துவிட்டாள், மீன் விளையும் நாட்டில்! எங்கள் நாணயம் குரோனா சரிந்ததும் கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கின. ஆனால் அந்தக் கோடையிலேயே யோன் ஆர்னோர் ஸ்டெஃபான்சன் ரோமிலிருந்து கே.ஆருக்குத் திரும்பியிருந்தார். ஒரு காலத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணியான டாலஸ் மேவரிக்ஸ் ஒப்பந்தம் செய்த பெடியன். யாக்கோப் சிகுர்தார்சனும் வந்து சேர்ந்தார். லீக் சுற்றில் 22 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோற்றார்கள். அப்படிப்பட்ட அணி கிண்ணப் போட்டியின் இறுதியில் ஸ்டியார்னனிடம் தோற்றதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, அது வேறு.

2009 ஏப்ரல், லீக் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் கிரிண்டாவீக் கழகத்துடன் ஐந்தாவது, கடைசி ஆட்டம். பெற்றோர் முறை வைத்து பர்கர் சுடுவோமே, அன்றைக்கு என் முறை. கடைசி நிமிடங்களில் கூச்சல் கேட்டு, ஏப்ரனோடு, கையில் இடுக்கியோடு உள்ளே ஓடினேன். வெளிக்குளிரிலிருந்து சூட்டுக்குள் போனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கிறேன், ஏப்ரனில் இருந்த எண்ணெய்தான் அப்பிக்கொள்கிறது. கறுப்பும் வெள்ளையும் கலங்கி ஓடுவது மட்டும் தெரிந்தது. பிறகு நீ எங்கிருந்தோ வந்து என் கழுத்தில் தொங்கினாய். 84-83. ஒரு புள்ளியில் பட்டம் எங்களுக்கு. உனக்குப் பதினான்கு வயது. அடுப்பில் இருந்த இருபது பர்கரும் கரி.

2014 முதல் 2019 வரை ஆறு வருடம் தொடர்ந்து பட்டம் கே.ஆருக்குத்தான். அதற்கு முன் ஒரு கழகமும் அப்படிச் செய்ததில்லை. முதல் ஐந்துக்கும் பயிற்சியாளர் ஃபின்னூர் ஃப்ரெயிர் ஸ்டெஃபான்சன். உண்மையைச் சொன்னால் நாலாவது வருடம் எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் பாவெல் எர்மோலின்ஸ்கி ஆடுவதைப் பார்க்க அலுத்ததில்லை. ரஷ்யாவில் பிறந்து, இங்கே ஆட வந்த தகப்பனோடு வந்த பிள்ளை. அறிவிப்பாளர் அந்தப் பெயரைக் கூப்பிட, அரங்கு முழுக்கத் திருப்பிக் கத்தும். உன் பெயரைப் பள்ளியில் எப்படியெல்லாம் கடித்துத் துப்பினார்கள் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரும். ஆறாவது வருட இறுதியில் எதிரில் நின்றது யார்? அதே ஈ.ஆர்.! ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். கே.ஆருக்கு அது பதினெட்டாவது பட்டம்.

அடுத்த வருடம் கொரோனா, பட்டம் ஒருவருக்கும் இல்லை. 2023-இல் கடைசி இடம், கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். "அப்பா, இனிச் சட்டையை மடித்து வையுங்கோ" என்று நீ கொப்பன்ஹேகனிலிருந்து மெசேஜ் போட்டாய். நான் பதில் போடவில்லை. கோபம்தான்.

இந்த வருடம் ஃப்ரொஸ்டாஸ்க்யோலில், எங்கள் கழக அரங்கில், ஒரு ஆட்டமும் விடவில்லை. இருக்கை வேண்டிய அளவு இருந்தது. பயிற்சியாளராக நின்றவர் யாக்கோப், 2009-இல் நீ தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்ட அதே யாக்கோப். கீழ்ப் பிரிவை வென்று மேலே வந்துவிட்டார்கள். நான் இன்னும் பர்கர் சுடுகிறேன்; கண்ணாடியை மட்டும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

குட்டிக்கு ஒரு சட்டை தபாலில் வருகிறது. கொஞ்சம் பெரிதாகத்தான் எடுத்தேன். சுடுதண்ணீரில் துவைக்க வேண்டாம், வெள்ளைக் கோடு சாம்பலாகிவிடும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். முதுகில் எண் போடவில்லை. எந்த எண் வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது. நீ சொல்லிக் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா